முப்பது சதவீத வெளிச்சம்

இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை மனிதர்கள் எப்படி நடத்துவார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எங்கள் குழுவில் ஒரு வாரம் இருந்து பார்த்தால் போதும்.

வருடக் கடைசி விடுமுறைக்கு வீட்டு முகப்பிலும் கடை வாசலிலும் ஆயிரக்கணக்கில் சிறு விளக்குகளைக் கட்டி, பாட்டுக்கு ஏற்றபடி அவற்றை ஆடவைக்கிறார்களே, அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. எங்கெங்கோ இருக்கிற பலர் தங்கள் வேலை முடிந்த நேரத்தில் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் எண். எந்த நொடியில் எந்த எண் என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்று திரையில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்துவிட்டால், உள்ளங்கை அளவுள்ள ஒரு குட்டிக் கணினி பாட்டையும் விளக்கையும் சேர்த்து ஓட்டும். அதன் கையேட்டைத் தமிழில் எழுதியவள் நான். தமிழில் கேட்கிறவர்களுக்கென்று தொடங்கிய குழுவில் பதில் சொல்கிறவளும் நான்தான். பகலில் லிஃப்ட் மெக்கானிக். குழுவில் என் பெயர் ‘எட்டாம் மாடி’.

என் பதில்களுக்கு அங்கே ரசிகர்கள் உண்டு. “விளக்கு எரியவில்லை, அவசரம்” என்று ஒருவர் எழுதினால், “ஸ்விட்சைப் போட்டீர்களா?” என்று கேட்பேன். பத்துக்கு மூன்று பேர் போட்டிருக்க மாட்டார்கள். கையேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் கேள்வி கேட்கிறவர்களை நான் மனிதர்களாக மதித்ததில்லை. அதை மறைத்ததும் இல்லை.

அந்த வருடம் ‘ஒளிச்சக்கரவர்த்தி’ என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். பட்டத்தை அவரே தனக்குச் சூட்டிக்கொண்டிருந்தார். முதல் செய்தி இப்படி இருந்தது: “நான் மிகவும் பிஸியான மனிதன். நான்கு மாடிக் கட்டடம். பன்னிரண்டாயிரம் விளக்குகள். ஊரே வாய் பிளக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி இன்று மாலைக்குள் அனுப்பவும்.”

“முதலில் ஏணி வாங்கவும்” என்று எழுதினேன்.

அவருக்கு உறைக்கவில்லை. மறுநாள், “இதை எழுதிய என்ஜினியர்களில் ஒருவரை என்னிடம் போனில் பேசச் சொல்லவும்” என்றார். அதற்கடுத்த நாள், “நேற்றைக்குக் கேட்டதற்குப் பதில் இல்லை. இலவசமாகக் கொடுத்தால் தரம் இப்படித்தான் இருக்கும்” என்றார். காசு வாங்காமல் வேலை செய்கிறவர்களை, காசு வாங்கவில்லை என்பதற்காகவே திட்டுகிற ஜென்மத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் எது எழுதினாலும் நான் ஒரு குத்து வைப்பேன். குழுவில் நூறு பேர் சிரிப்பார்கள். எனக்கும் பொழுது நன்றாகவே போயிற்று.

இரண்டு வாரம் கழித்து அதே பெயரில் ஒரு கேள்வி வந்தது.

“வணக்கம். பாட்டு தொடங்கும்போது விளக்குகள் சரியாகச் சேர்ந்து வருகின்றன. முடியும்போது கால் விநாடி பின்தங்குகின்றன. மூன்று பாட்டுகளில் ஒன்றில் மட்டும் இப்படி. என் பிழையா, பாட்டுக் கோப்பின் பிழையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நன்றி.”

நல்ல கேள்வி. வருடத்துக்கு ஒரு முறைதான் அப்படி ஒன்று வரும். ஆனால் மேலே இருந்த பெயரைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. “சக்கரவர்த்திக்குக் காது முளைத்துவிட்டது போலிருக்கிறது. வாழ்த்துகள். கையேட்டைப் படிக்கக் கண்ணும் சீக்கிரம் முளைக்கட்டும்.”

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. “கையேட்டை இரண்டு முறை படித்துவிட்டேன். இந்தச் சிக்கல் அதில் இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில், விளக்குச் சரத்தை இடமிருந்து எண்ண வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பக்கத்திலுள்ள படத்தில் வலமிருந்து எண்ணியிருக்கிறது. எது சரி? நன்றி.”

போய்ப் பார்த்தேன். படம்தான் சரி. சரத்தைப் பின்னாலிருந்து கட்டுகிறவனுக்கு இடமும் வலமும் மாறிப்போகும் என்பதை மறந்து நான்தான் தப்பாக எழுதியிருந்தேன். மூன்று வருடமாக அது அப்படியே இருந்திருக்கிறது. எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு மொத்தச் சரத்தையும் அவிழ்த்துக் கட்டினார்களோ!

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சத்தமில்லாமல் அந்த வரியைத் திருத்தினேன். பிறகு குழுவுக்கு வந்து, “அது எப்போதோ திருத்தப்பட்டுவிட்டது. பழைய பிரதியை வைத்துக்கொண்டு பேச வேண்டாம்” என்று எழுதினேன். அந்தப் பக்கத்திலிருந்து மறுப்பு வரவில்லை. ‘நன்றி’யும் வரவில்லை.

அந்த வார இறுதியில் சக்கரவர்த்தி தன் கோட்டையின் படத்தைப் போட்டார். நான்கு மாடி, வெள்ளைக் கண்ணாடி முகப்பு, உச்சியில் சிரிக்கிற ஒரு ராட்சதப் பல். ஆறு வருடமாக அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கு எண்ணெய் போடுகிறவள் நான். அது ஒரு பல் டாக்டரின் கிளினிக். டாக்டரை எனக்குத் தெரியும், என்னை அவருக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், “படியில ஏறிப் போம்மா, பேஷண்ட்ஸ் வர்றாங்க.” லிஃப்டைப் பார்க்க வந்தவளிடம்!

மாதாந்தரச் சோதனைக்கு நாளிருந்தது. முன்கூட்டியே போனேன்.

லிஃப்ட் நான்காம் மாடியோடு நின்றுவிடும். அதன் மோட்டார் அறை மொட்டை மாடியில் இருக்கிறது, அங்கே படியேறித்தான் போக வேண்டும். அந்த அறையை ஒட்டி உடைந்த நாற்காலிகளும் காலி அட்டைப் பெட்டிகளும் போட்டு வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அன்று அதிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பாட்டோடு சேர்ந்து டக், டக், டக் என்று ஒற்றை விசையைத் தட்டுகிற சத்தமும் வந்தது. எட்டிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, கழுத்தில் கண்ணாடிக் கயிறு, நிமிர்ந்த முதுகு, முன்னால் மடிக்கணினி. பாட்டில் எங்கெல்லாம் தாளம் விழுகிறதோ அங்கெல்லாம் ஒரு விசையைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிற இடத்தில் திரையில் ஒரு கோடு விழும். பிறகு அந்தக் கோடுகளில்தான் விளக்குகளைக் கட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைக் கணினியே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று என்னிடம் அழுவார்கள். இந்த அம்மாவின் கோடுகள் ஒன்றுகூட நகர்ந்திருக்கவில்லை.

“யாரும்மா? லிஃப்டா? உள்ள வா. அந்த நாற்காலியில மட்டும் உட்காராதே, அது பேஷண்டைப் பின்னால சாய்க்கிறது, சாஞ்சா நிமிராது.”

கிளினிக்கில் அவரை ஸ்டெனோ அம்மா என்பார்கள். நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டரின் மாமியார். கணவர் போன பிறகு மகள் வற்புறுத்தி இங்கே கூட்டிவந்திருக்கிறாள். மகளும் பல் டாக்டர்தான், சின்னப் பிள்ளைகளுக்குப் பார்ப்பவள்.

“கீழே ரூமெல்லாம் இருக்கே, இங்கே ஏன் உட்கார்ந்திருக்கீங்க?”

“பாட்டுச் சத்தம் பேஷண்டுக்குத் தொந்தரவாம். பல்லைத் துளைக்கிற சத்தத்துக்கு நடுவில பாட்டுதான் தொந்தரவு!”

அப்போது டாக்டரே படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. லிஃப்ட் போகாத இடத்துக்கு அவர் வருவது அபூர்வம். கதவருகே நின்ற என்னைக் கடந்துபோனார், நான் அங்கே மாட்டி வைத்த மழைக்கோட்டு மாதிரி.

“அத்தை, எழுதுங்க.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“நான் கேட்ட எதுக்கும் உருப்படியா பதில் வரல. இவ்வளவு கேவலமான சர்வீஸை நான் எங்கேயும் பார்த்ததில்லை. உங்க மேலதிகாரி யார்னு உடனே தெரியணும். முடிஞ்சுது. அனுப்பிடுங்க.”

அவர் இறங்கிப் போவதற்குள் செய்தி போய்விட்டது. என் போன் கீழே வண்டியில் இருந்தது, நல்லவேளை.

இவ்வளவு நாளும் அந்த ஒரு பெயருக்குள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். மண்டையில் அடித்த மாதிரி இருந்தது.

“அவர் சொல்றதை அப்படியே எழுதிடுவீங்களா? கொஞ்சம் மாத்தி, மரியாதையா...”

“முப்பது வருஷம் சொன்னதைச் சொன்னபடி எழுதியே பழக்கம். அதுவுமில்லாம,” அவர் குரலைத் தாழ்த்தவில்லை, “அந்த ஆள் பேசுறதை அப்படியே எழுதி ஊர் பார்க்க வைக்கிறதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு நான் என்ன குடுத்துட முடியும்?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்த குரூப்புல எட்டாம் மாடின்னு ஒருத்தர் இருக்கார். கெட்டிக்காரர். தெரியாத விஷயமே இல்லை. ஆனா ஆள் சின்ன மனுஷன்.”

“ஏன்?”

“அவர் எழுதினதுல ஒரு தப்பைக் காட்டினேன். திருடன் மாதிரி வந்து திருத்திட்டு, எப்பவோ திருத்தியாச்சுன்னு எழுதினார். எத்தனை பொய்சாட்சியை நேருக்கு நேர் பார்த்திருக்கேன் நான்! அவங்க எல்லாருமே ‘எப்பவோ’ன்னுதான் ஆரம்பிப்பாங்க.”

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போய்விட்டேன். காது சுட்டது.

அங்கே இன்னொன்று காத்திருந்தது. லிஃப்டின் மெயின் ஸ்விட்சிலிருந்து ஒரு தடித்த வயர் வெளியே போய் விளக்குகளோடு சேர்ந்திருந்தது. கட்டிய எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கீழிருந்து தனி லைன் இழுத்தால் முகப்பில் வயர் தெரியும், அசிங்கம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் எவ்வளவோ சொன்னேன் அக்கா என்று அவர் கையை விரித்தார். ஸ்டெனோ அம்மா விளக்குகளின் பிரகாசத்தை முப்பது சதவீதத்தில் வைத்திருந்ததால் மெயின் அதுவரை தாங்கியிருந்தது. முப்பதே கண்ணுக்குத் தாராளம். நூறு என்பது கையேட்டைப் படிக்காதவர்களுக்கென்று உள்ள அளவு. லிஃப்ட் லைனில் விளக்கு போடக் கூடாது என்று சோதனைப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தொடக்க நாளன்று நானே வந்து மோட்டார் அறையில் இருக்கிறேன் என்று என் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். பாதுகாப்புக்காக என்றுதான் சொன்னேன். பாதி உண்மை.

தொடக்க நாள் மாலை ஆறரை. தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். பாதிப் பேர் அவருடைய நோயாளிகள். பல்லில் கிளிப்போடு நிற்கிறவர்கள் கைதட்டாமல் என்ன செய்வார்கள்? உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரும் கேமராவோடு வந்திருந்தார். டாக்டர் புதுக் கோட்டு போட்டு, மைக்கைப் பிடித்து, வாசலில் நின்று பேசினார். நானும் ஸ்டெனோ அம்மாவும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

“நாலு மாசமா எனக்குத் தூக்கமில்லை. இந்த சாஃப்ட்வேர் அரைகுறையா இருந்துச்சு. நான்தான் அதைத் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு விளக்கும் என் விரல் பட்டது.”

“விரல்ல மோதிரம் மட்டும்தான் பட்டிருக்கு” என்றார் ஸ்டெனோ அம்மா.

அவருடைய திட்டம் இதுதான். பேச்சு முடிந்ததும் அவர் கீழே லிஃப்டுக்குள் நுழைவார். அவர் ஏற ஏற ஒவ்வொரு மாடியாக விளக்கு எரிந்துகொண்டே வரும். நான்காம் மாடி பால்கனியில் அவர் கையைத் தூக்கும்போது மொத்தக் கட்டடமும் ஜொலிக்கும். இதற்காக ஸ்டெனோ அம்மா லிஃப்டில் கைக்கடிகாரத்தோடு பன்னிரண்டு முறை ஏறியிறங்கி, முப்பத்தொரு விநாடி என்று கணக்கு வைத்து வரைந்திருந்தார். ஒத்திகையில் நூல் பிடித்த மாதிரி வந்தது.

ஆனால் அன்று பிற்பகல் டாக்டர் எதிரேயுள்ள செருப்புக்கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறார். தன் விளக்கு அதைவிட மங்கல் என்று தோன்றியிருக்கிறது. குட்டிக் கணினியைப் போனிலிருந்தே இயக்க ஒரு பக்கம் உண்டு. லிஃப்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல், முப்பதை நூறாக்கிவிட்டார்.

தரைத்தளம் எரிந்தது. கண் கூசியது. முதல் மாடி எரிந்தது. ஸ்டெனோ அம்மா திடுக்கிட்டு மடிக்கணினியைப் பார்த்தார். இரண்டாம் மாடி எரிந்தது. எனக்குப் பின்னால் மோட்டார் அறையில் ‘தடக்’ என்று ஒரு சத்தம். பன்னிரண்டாயிரம் விளக்குகளும் அணைந்தன. லிஃப்டும் நின்றது, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், சக்கரவர்த்தி உள்ளே.

தெருவில் ‘ஓ’ என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியோ என்று கூட்டத்துக்குச் சந்தேகம்.

ஸ்டெனோ அம்மாவின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

“அத்தை! என்ன நடக்குது? எழுதுங்க! உடனே எழுதுங்க!”

“முதல்ல பயப்படாதீங்க மாப்பிள்ளை. உள்ளே பேட்டரி லைட் எரியுதா? ஃபேன் ஓடுதா?”

“எரியுது, ஓடுது. அதை விடுங்க. குரூப்புல எழுதுங்க. உங்கள் மட்டமான மென்பொருள் என் லிஃப்டை நிறுத்திவிட்டது. இதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. எழுதியாச்சா?”

“எழுதியாச்சு.”

“அனுப்புங்க!”

அனுப்பினார். என் சட்டைப் பையில் போன் ‘டிங்’ என்றது.

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நீதிமன்றத்தில் எத்தனையோ பேர் அந்தப் பார்வைக்கு முன்னால் வேர்த்திருப்பார்கள். மடிக்கணினியில் ஒற்றைப் புள்ளியைத் தட்டி அனுப்பினார். என் பை மறுபடியும் ‘டிங்’ என்றது.

“எட்டாம் மாடி?”

“ஆமாம்மா.”

“பொம்பளையா நீ!”

“ஆமாம்மா. நாற்பத்தோராம் பக்கம் என் தப்புதான். அன்னைக்கு எழுதினது பொய். மன்னிச்சுக்கோங்க.”

“அதை இங்கே சொன்னா எப்படி? எங்கே பொய் சொன்னியோ அங்கே சொல்லு.”

இருட்டில் நின்றபடி போனை எடுத்தேன். “நாற்பத்தோராம் பக்கப் பிழை என்னுடையது. சுட்டிக்காட்டிய பிறகுதான் திருத்தினேன். முன்பே திருத்தியதாகச் சொன்னது பொய்” என்று குழுவில் எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கசப்பான மூன்று வரியை நான் எழுதியதில்லை. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

“சரி. இப்போ என்ன பண்ணணும்?”

மோட்டார் அறைக்குள் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மெயின் சூடாக இருந்தது. ஒரு முறை இப்படி விழுந்த மெயின், லிஃப்டையும் விளக்கையும் சேர்த்து இன்னொரு முறை சுமக்கும் என்று நம்ப நான் தயாராக இல்லை.

“ரெண்டுல ஒண்ணுக்குத்தான் கரண்ட் குடுக்க முடியும். லிஃப்டுக்குக் குடுத்தா அவர் வெளியே வந்துடுவார், ஆனா விளக்கு கிடையாது. விளக்குக்குக் குடுத்தா அவரைக் கையால சக்கரம் சுத்தித்தான் இறக்கணும். அது நம்மால முடியும்.”

“விதிப்படி எது முதல்ல?”

“மனுஷன்தான்.”

“ம்.” அவர் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார். சிலர் கலைந்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். நான்கு மாதமாக அந்த உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தட்டிய விரல்கள் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தன. எதையும் கேட்கவில்லை அவர். கேட்டிருந்தால் ஒருவேளை நான் மறுத்திருப்பேன்.

“மொத்தம் எத்தனை பாட்டு?” என்றேன்.

“மூணு.”

“முதல் பாட்டு எவ்வளவு நேரம்?”

“மூணு நிமிஷம் நாற்பது.”

“பிரகாசத்தை முப்பதுக்குக் கொண்டுவாங்க.”

லிஃப்டின் ஸ்விட்ச் கைப்பிடியைக் கீழே தள்ளிப் பூட்டினேன். மெயினைத் தூக்கினேன். குட்டிக் கணினி உயிர்பெற ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு முதல் பாட்டு தொடங்கியது.

நான் எத்தனையோ பேரின் விளக்குகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கண்டபடி மினுக்கும் குப்பை. வாங்கிய விளக்கு எல்லாவற்றையும் எல்லா நேரமும் எரியவிட்டே தீருவது என்கிற பேராசை. ஸ்டெனோ அம்மாவிடம் அது இல்லை. பாட்டில் ஒரு வயலின் மட்டும் கேட்டால் ஒரு ஜன்னலின் விளிம்பு மட்டும் எரிந்தது. கீழே தெருவில் நடக்க ஆரம்பித்தவர்கள் நின்றார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். கட்டடத்தின் மேலிருந்து பார்க்கிற எங்களுக்கு விளக்குகள் நேராகத் தெரியாது. எதிரேயுள்ள செருப்புக்கடைக் கண்ணாடியில்தான் முழுவதும் தெரிந்தது. அதில்தான் பார்த்தோம்.

முதல் பாட்டு முடிந்தது. போன் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“ரெண்டாவது பாட்டுலதான் அந்த எட்டு விநாடி இருட்டு வருது” என்றார், யாரிடமோ சொல்வது போல.

“பார்த்துட்டே போகலாம்” என்றேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் குரல் ஓரிடத்தில் நிற்கும். அங்கே அவர் எல்லா விளக்குகளையும் அணைத்திருந்தார். எட்டு விநாடி. தெருவில் ஒரு சத்தமில்லை. குரல் மறுபடி எழும்போது ஒரே ஒரு விளக்கு எரிந்தது, உச்சியில். ஸ்டெனோ அம்மா கண்ணைத் துடைக்கவில்லை. விரலால் சுவரில் தாளம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். “சரியா இருக்கு” என்றார்.

பிறகு போய் டாக்டரை இறக்கினோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மோட்டாரின் பிரேக்கை விடுவித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பிரேக் கம்பியை ஸ்டெனோ அம்மா பிடித்தார்.

“நான் சொன்னா விட்டுடணும், உடனே.”

“சொன்னதைச் செய்யத்தானே தெரியும் எனக்கு. சுத்து.”

கம்பிவடத்தில் இரண்டாம் மாடிக்கான மஞ்சள் அடையாளம் வரும்வரை, சாண் சாணாக, இறக்கினோம். கீழே போய்க் கதவைத் திறந்தேன். வியர்த்துக் கசங்கிய கோட்டோடு டாக்டர் வெளியே வந்தார். என்னைப் பார்த்து முதல் முறையாக நேரடியாகப் பேசினார். “இவ்வளவு நேரமா உனக்கு?”

அதற்குள் வெளியே மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் இடி மாதிரி எழுந்தது. அவர் காது நிமிர்ந்தது. அடுத்த கணம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த மாடியின் பால்கனிக்கு ஓடினார். போய்க் கையைத் தூக்கினார். கேமரா மின்னியது. முகம் மலர்ந்து குனிந்து வணங்கினார். தான் பார்க்கவே பார்க்காத ஒன்றுக்கு!

அவர் திருந்துவார் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்களுக்கு இந்த மாதிரி ஆட்களைத் தெரியாது என்று அர்த்தம். மறுநாள் பத்திரிகையில் அவர் படம் வந்தது. நடுவில் விளக்குகள் அணைந்தது ‘வேண்டுமென்றே உருவாக்கிய எதிர்பார்ப்பு’ என்று பேட்டி கொடுத்திருந்தார். என் கம்பெனிக்கும் ஒரு புகார் கொடுத்தார். லிஃப்ட் நின்றது ஆறு நாற்பத்தொன்று, ஆளை இறக்கியது ஆறு ஐம்பத்தெட்டு. பதினேழு நிமிடம் ஏன் என்று மேலாளர் கேட்டார். சோதனைப் புத்தகத்தில் டாக்டரின் கையெழுத்து இருந்ததால் வேலை தப்பியது. ஆனால் அந்தக் கட்டடம் என் கையை விட்டுப் போயிற்று. எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. வேறொரு மெக்கானிக் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டான் என்று தெரிந்தால் நானே முதலில் காறித் துப்பியிருப்பேன். இருந்தாலும் அந்த எட்டு விநாடிக்காக நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை.

ஸ்டெனோ அம்மா குழுவில் தன் பெயரில் சேர்ந்துகொண்டார். கையேடு முழுவதையும் படித்து இன்னும் பத்தொன்பது தப்புகளை அனுப்பினார், ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘நன்றி’ போட்டு.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. எதிர் செருப்புக்கடைக்காரர் அவரைத் தேடி வந்து, அடுத்த வருடம் என் கடைக்கும் செய்து தாருங்கள் என்று கேட்க, அதற்கென்ன என்று ஒத்துக்கொண்டுவிட்டார். அதை ஸ்டெனோ அம்மா என்னிடம் போனில் சொன்னார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மாப்பிள்ளை ஒத்துக்கிட்டது மாப்பிள்ளை பாடு. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு மகள்கிட்ட சொல்லிட்டேன். அவ, அம்மா அவர் மனசு நோகும்னு சொன்னா. நோகட்டும், அவர்தான் டாக்டராச்சேன்னேன்.”

அடுத்த வருடக் கடைசியில் கிளினிக்கில் வெறும் தொங்கும் விளக்குச் சரம். ஒப்பந்தக்காரர் யாரோ கட்டியது, பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. பாட்டுக்கு விளக்கு ஆடுவதெல்லாம் பழைய ஃபேஷன் ஆகிவிட்டது என்று டாக்டர் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். செருப்புக்கடைக்காரர் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நானும் ஸ்டெனோ அம்மாவும் அந்த விடுமுறையில் என் வண்டியில் தெருத் தெருவாகப் போய் மற்றவர்களின் விளக்குகளைப் பார்த்தோம். நல்ல பொழுதுபோக்கு. ஒரு வீட்டில் தாளம் அரை விநாடி பிந்தியது. “இவனுக்கு ரெண்டு காதும் ரெண்டு ஊர்ல இருக்கு” என்றார். இன்னொரு மாளிகையில் மொத்த முகப்பும் நூறு சதவீதத்தில் எரிந்தது. “இவர் ஆபரேஷன் தியேட்டர் நடத்துறார் போல” என்றேன் நான்.

அதற்கப்புறம் ஒரு குறுகிய தெருவில், இரண்டாம் மாடிக் குடியிருப்பு ஒன்றின் பால்கனியில், துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே நான்கே நான்கு சரம். முந்நூறு விளக்கு இருக்குமோ என்னவோ. பாட்டு மெல்லிய சத்தத்தில் வந்தது. வண்டியை நிறுத்தினேன். ஒரு பாட்டு முழுதும் பார்த்தோம். குறை சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினோம். ஒன்றும் சிக்கவில்லை.

“யாருன்னு தெரியல” என்றார் ஸ்டெனோ அம்மா. “வயித்தெரிச்சலா இருக்கு. இன்னொரு தடவை போடுறானா பார்ப்போம், இரு.”